சந்தையும் அவர்களுடையது, கடையும் அவர்களுடையது

பெரும் டெக் நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் வேண்டுமா? டெல்லி கடைக்காரர்களும் சென்னை நிறுவனமும் தலைநகரில் தட்டிய கதவுகள், கிடைத்த பதில்கள்

டெல்லி கரோல் பாக், கஃபார் மார்க்கெட். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவ்வளவு குறுகிய சந்துகள். சரம் சரமாகத் தொங்கும் மொபைல் கவர்கள், லென்ஸுக்குக் கீழே பிரித்துப் போட்ட போன்கள், ஈயம் உருகும் நெடி. கவுன்டரில் ஒருவர் புது போனைக் கையில் வாங்குகிறார். கேமராவைத் திறந்து பார்க்கிறார், திருப்பித் திருப்பி எடை பார்க்கிறார், பேட்டரி எத்தனை நேரம் நிற்கும் என்று விசாரிக்கிறார். கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, வந்தவர் தன் பழைய போனை எடுத்து ஒரு ஆப்பைத் திறக்கிறார். அதே மாடல், அதே நிறம், விலை மட்டும் குறைவு. புது போன் கவுன்டருக்கே திரும்புகிறது.

குறைந்த விலைக்கு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. டெல்லி வியாபாரிகளின் மனக்குறை வேறு. சில மாடல்கள் ஆன்லைனில் மட்டும்தான் வெளியாகின்றன. பெரிய தள்ளுபடி எல்லா விற்பனையாளர்களுக்கும் கிடைப்பதில்லை, தளத்துக்கு வேண்டிய சிலருக்கே கிடைக்கிறது. தேடலில் முதலில் வருவதும் அவர்களே. இப்படிச் சொல்லித்தான் 'டெல்லி வியாபார் மகாசங்' அமேசான், ஃபிளிப்கார்ட் மீது இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2020 ஜனவரி 13 அன்று ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை நீங்கி, உச்ச நீதிமன்றம் வரை போய் விசாரணைக்கு வழி பிறந்தது 2021 ஆகஸ்டில். விசாரணை அறிக்கை முடிந்ததும் மீண்டும் வழக்குகள். அவற்றையெல்லாம் ஒன்றாக்கி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கே அனுப்பிவைத்தது. இரு நிறுவனங்களும் குற்றச்சாட்டுகளை மறுக்கின்றன. யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கிடைக்காமலேயே ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன.

சிமெண்டுக்கும் சோப்புக்கும் இருக்கும் அதே சட்டம் இந்த நிறுவனங்களுக்குப் போதுமா, தனிச் சட்டம் வேண்டுமா? டெல்லியில் அமைச்சகங்கள், ஆணையங்கள், நீதிமன்றங்கள் என எல்லா இடத்திலும் இப்போது அலசப்படும் கேள்வி இது.

சென்னையிலிருந்து போன புகார்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம், அதாவது 'பாரத் மேட்ரிமோனி'யை நடத்தும் நிறுவனம், 2012லேயே கூகுள் மீது போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ஆணையம் ஏற்கவில்லை. ஆனால் தேடல் முடிவுகளில் கூகுள் தன் சொந்தச் சேவைகளுக்குச் சாதகமாக நடந்துகொண்டது என்று சொல்லி 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் இந்தியா கம்ப்யூட்டரிலிருந்து கைபேசிக்கு மாறிவிட்டிருந்தது. தீர்ப்பு வந்தபோது சண்டை வேறு களத்துக்குப் போய்விட்டது.

அந்தக் களம், பிளே ஸ்டோர். ஆப் வழியாகச் சந்தா கட்டினால் அதில் ஒரு பங்கு கூகுளுக்குப் போக வேண்டும் என்பது விதி. வேறு பில்லிங் முறையைப் பயன்படுத்தலாம் என்று ஆணையத்தின் 2022 உத்தரவுக்குப் பிறகு வழி திறந்தது. ஆனால் அப்படிச் செய்தாலும் கமிஷன் நான்கு சதவீதப் புள்ளிகள் மட்டுமே குறைந்தது. 15 என்பது 11 ஆனது, 30 என்பது 26 ஆனது. இதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன நிறுவனங்களுக்கு 2023லும் 2024லும் தோல்வியே கிடைத்தது. உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தரவில்லை.

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி, 99ஏக்கர்ஸ், ஷாதி போன்ற ஆப்களை பிளே ஸ்டோரில் தேடியவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. பத்து இந்திய நிறுவனங்கள் கட்டணம் செலுத்தவில்லை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆப் நிறுவனங்கள் விதிகளை மதிக்கும்போது இவர்களுக்கு மட்டும் சலுகை தர முடியாது என்றது கூகுள். இந்திய ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஆண்ட்ராய்டு என்பதால், பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்புக்குப் புது வாடிக்கையாளர் வரும் வழியே ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இந்த நீக்கத்தை அனுமதிக்க முடியாது என்றார். இரு தரப்பையும் அழைத்துப் பேசினார். சில நாட்களில் ஆப்கள் திரும்பின. நீதிமன்றங்களில் கிடைக்காத நிவாரணம் அமைச்சர் கூட்டிய கூட்டத்தில் கிடைத்தது. அந்தப் பத்தும் பெயர் பெற்ற நிறுவனங்கள் என்பதால் அமைச்சரின் கதவு திறந்தது. கோவையிலோ மதுரையிலோ நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு ஆப் இப்படிக் காணாமல் போனால், அவர்கள் எந்த அமைச்சரிடம் போவார்கள்?

■ பெட்டிச் செய்தி: உத்தரவு முதல் தீர்ப்பு வரை

- ஆண்ட்ராய்டு வழக்கு: விசாரணைக்கு உத்தரவு 2019 ஏப்ரல். ஆணையத்தின் தீர்ப்பு 2022 அக்டோபர் 20. அபராதம் 1,337.76 கோடி ரூபாய். 2023 மார்ச்சில் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, நான்கு கட்டளைகளை ரத்து செய்தது.
- பிளே ஸ்டோர் பில்லிங்: விசாரணைக்கு உத்தரவு 2020 நவம்பர். தீர்ப்பு 2022 அக்டோபர் 25. அபராதம் 936.44 கோடி; 2025 மார்ச்சில் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது.
- வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கை: விசாரணைக்கு உத்தரவு 2021 மார்ச். தீர்ப்பு 2024 நவம்பர் 18. அபராதம் 213.14 கோடி. விளம்பரத்துக்காக டேட்டாவைப் பகிர விதித்த ஐந்தாண்டுத் தடையை 2025 ஜனவரியில் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. நவம்பரில் அபராதத்தை உறுதி செய்து, தடையை ரத்து செய்தது.

சலுகை ஏற்கெனவே இருக்கிறது

'டெக் நிறுவனங்களை மட்டும் ஏன் தனியாகப் பிரித்துப் பார்க்கிறீர்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் டெல்லியில் 2004 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். பாஸி.காம் என்ற ஏலத் தளத்தில் யாரோ ஒருவர் ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட்டார். டெல்லி போலீஸ் தளத்தின் தலைமை அதிகாரியைக் கைது செய்தது. யாரோ போட்டதற்கு இடத்தைக் கொடுத்தவர் சிறைக்குப் போவதா என்று நாடே விவாதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008ல் திருத்தப்பட்டபோது 79வது பிரிவு விரிவானது. பயனர்கள் போடுவதற்குத் தளம் பொறுப்பல்ல, உரிய எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்றானது.

அவதூறு அச்சானால் பத்திரிகை ஆசிரியர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதே அவதூறு சமூக ஊடகத்தில் லட்சம் பேரைச் சேர்ந்தாலும் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு உண்டு. இந்தப் பாதுகாப்பு அவசியம் என்றே நான் கருதுகிறேன். அது இல்லாவிட்டால் பயத்தில் எல்லாத் தளங்களும் எல்லாப் பேச்சையும் அழித்துவிடும். ஆனால் இது டெக் துறைக்கென்றே நாடாளுமன்றம் கொடுத்த தனிச் சலுகை. சலுகை என்றால் தனிச் சட்டம் சரி, கடமை என்று வந்தால் பொதுச் சட்டம் போதும் என்பது நியாயமாகாது.

தனித்தனி விதி என்பது வேறு துறைகளுக்கும் புதிதில்லை. வங்கிக்கு ரிசர்வ் வங்கி, தொலைபேசிக்கு டிராய், பங்குச் சந்தைக்கு செபி. எங்கே ஆபத்தின் தன்மை வேறோ, அங்கே விதியும் வேறு.

இலவசத்துக்கு என்ன விலை?

டெக் துறையில் ஆபத்தின் தன்மை எப்படி வேறு? முதலில், விலை. போட்டிச் சட்டம் வழக்கமாகப் பார்ப்பது விலையை. சிலர் கூடிப் பேசி ஏற்றிவிட்டார்களா என்பதை. வாட்ஸ்அப்புக்கு விலையே கிடையாது. 2021 ஜனவரியில் அது புதிய தனியுரிமைக் கொள்கையைக் காட்டி, ஒப்புக்கொண்டால்தான் தொடர முடியும் என்றது. லட்சக்கணக்கானோர் அப்போது சிக்னலையும் டெலிகிராமையும் இறக்கினார்கள். ஆனால் கல்யாணக் குரூப், பள்ளிக்கூடக் குரூப், அபார்ட்மென்ட் குரூப் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. வீட்டில் பெரியம்மாவும் சித்தப்பாவும் மாறாதவரை நாம் மட்டும் மாறி என்ன பயன்? பிடிக்காவிட்டால் கடையை மாற்றிக்கொள்ளலாம் என்ற வழக்கமான பதில் இங்கே செல்லாது. கொடுப்பது பணமாக இல்லாமல் டேட்டாவாக இருப்பதால், எவ்வளவு கொடுத்தோம் என்றே நமக்குத் தெரிவதில்லை.

அடுத்து, இரட்டை வேடம். ஊரில் வாரச்சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர், எல்லாக் கடையிலும் சுங்கம் வசூலித்துக்கொண்டே, முதல் வரிசையில் தானும் ஒரு கடை போட்டு, பக்கத்துக் கடையில் எது எவ்வளவு விற்றது என்ற கணக்கையும் கையில் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? தேடுபொறி, ஆப் ஸ்டோர், ஆன்லைன் சந்தை மூன்றிலும் இந்த வாய்ப்பு இருக்கிறது. சோப்புக் கம்பெனிக்கு எவ்வளவு பெரிய லாபம் இருந்தாலும், அடுத்த சோப்புக் கம்பெனியின் தினசரி விற்பனைக் கணக்கு அதன் கையில் இருக்காது.

மூன்றாவது, வேகம். 'இழுத்தடிப்பு டெக் வழக்குகளில் மட்டுமா? சிமெண்டு வழக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்டால் அது நல்ல கேள்வி. சிமெண்டு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றின என்று 2012ல் ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது; அந்தச் சண்டையும் மேல்முறையீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஆனால் வழக்கு நடக்கும்போதும் புது ஆலை ஒன்று சிமெண்டு செய்து விற்கலாம். டிஜிட்டல் சந்தையில் முன்னே ஓடியவரிடம் ஆட்கள் சேர்கிறார்கள். ஆட்கள் சேரச் சேர டேட்டா சேர்கிறது. டேட்டா சேரச் சேர இன்னும் ஆட்கள் வருகிறார்கள். ஐந்தாவது ஆண்டில் தீர்ப்பு சாதகமாக வந்தாலும், புகார் கொடுத்தவரின் கடை இருக்காது.

அபராதம் என்னும் சில்லறைச் செலவு

213 கோடி ரூபாய் நமக்குப் பெரிய தொகை. வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவின் 2024 வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். கணக்குப் போட்டால், ஏறக்குறைய நான்கு ஆண்டு விசாரணைக்குப் பின் வந்த அந்த அபராதம், மெட்டாவின் ஒன்றரை மணி நேர வருவாய்கூட இல்லை. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2022 வருவாயை வைத்துப் பார்த்தால், ஆண்ட்ராய்டு வழக்கின் 1,337.76 கோடியும் சுமார் ஐந்து மணி நேர வருவாய்தான்.

இதனால்தான் 2023ல் போட்டிச் சட்டம் திருத்தப்பட்டு, உலக விற்றுமுதலை வைத்து அபராதம் கணக்கிட வழி செய்யப்பட்டது. அதை எதிர்த்து ஆப்பிள் நிறுவனம் 2025ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. இந்தியாவில் நடந்ததாகச் சொல்லப்படும் தவறுக்கு உலகம் முழுவதும் சம்பாதித்ததை அளவுகோலாக்கலாமா என்பது அதன் கேள்வி. விடை எதுவானாலும், பழைய அபராதங்கள் யாரையும் உறுத்தவில்லை என்பது தெளிவு.

பணத்தைவிடக் கட்டளைகளுக்கே பலம் அதிகம். 2023 ஜனவரியில் ஆண்ட்ராய்டு உத்தரவுக்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்த சில நாட்களிலேயே, போனில் எந்தத் தேடுபொறி என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம், போன் தயாரிப்பாளர்கள் கூகுள் ஆப்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று கூகுள் அறிவித்தது. செய்ய முடியாதது என்று எதுவும் இல்லை. செய்தாக வேண்டிய நிலை வர வேண்டும், அவ்வளவுதான்.

■ பெட்டிச் செய்தி: வரைவு மசோதா சொல்வது

நாடாளுமன்ற நிதி நிலைக்குழு, ஜெயந்த் சின்ஹா தலைமையில் 2022 டிசம்பரில், தவறு நடக்கும் முன்பே பொருந்தும் விதிகளைப் பரிந்துரைத்தது. பின்னர் அமைந்த அரசுக் குழு 2024 மார்ச் 12 அன்று டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது.

- யாருக்கு: இந்திய விற்றுமுதல் 4,000 கோடி ரூபாய், உலக விற்றுமுதல் 3,000 கோடி டாலர், இந்தியாவில் விற்ற சரக்கின் மதிப்பு 16,000 கோடி ரூபாய், உலகச் சந்தை மதிப்பு 7,500 கோடி டாலர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மூன்று ஆண்டுகளாக இருக்க வேண்டும். கூடவே ஒரு கோடிப் பயனர்கள் அல்லது 10,000 வணிகப் பயனர்கள்.
- எதற்கு: தேடுபொறி, சமூக வலைத்தளம், இயங்குதளம், பிரவுசர், கிளவுட், விளம்பரம் உட்பட ஒன்பது சேவைகள்.
- கடமைகள்: சொந்தப் பொருளுக்குச் சலுகை கூடாது, தளத்தில் விற்பவரின் டேட்டாவை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது, ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்தக் கூடாது.
- மீறினால்: உலக விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம்.

எதிர்ப்பவர்களின் வாதம்

வரைவு வந்ததும் எதிர்ப்பும் வந்தது. வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் மட்டும் எதிர்க்கவில்லை. இந்தியாவில் வளர்ந்த நிறுவனங்களும் தயங்குகின்றன. ஒரு கோடிப் பயனர் என்பது நம் மக்கள்தொகையில் எட்டிவிடக்கூடிய எண். வளர்ந்தால் கட்டுப்பாடு என்றால் வளராமலேயே இருப்பது மேல் என்று தொழில்முனைவோர் நினைத்துவிடக் கூடாது என்பது அவர்களின் கவலை. அளவுகோலைத் தொடாத நிறுவனத்தையும் ஆணையம் பட்டியலில் சேர்க்கலாம் என்பது அந்தப் பயத்தைக் கூட்டுகிறது.

ஐரோப்பாவின் அனுபவத்தையும் சுட்டுகிறார்கள். அங்கே டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் அமலாயின. ஆறு நிறுவனங்கள் முதலில் பட்டியலில் வந்தன. 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோவும், மெட்டாவுக்கு 20 கோடி யூரோவும் அபராதம் விழுந்தது. அதே ஐரோப்பாவில் மெட்டாவின் 'த்ரெட்ஸ்' மற்ற நாடுகளைவிட ஐந்து மாதம் தாமதமாக வந்தது. ஆப்பிளும் தன் ஏ.ஐ. வசதிகளைத் தள்ளிப்போட்டது. புது வசதி நமக்குக் கடைசியில் வந்தால் பரவாயில்லையா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

இந்த வாதங்களில் உண்மை இருக்கிறது. அதனால்தான் 'டெக் துறை' என்று மொத்தமாகச் சொல்வதே தவறு. பில்லிங் மென்பொருள் எழுதும் சென்னை நிறுவனமும், நாட்டின் கைபேசிகளுக்கெல்லாம் இயங்குதளம் தரும் நிறுவனமும் ஒன்றில்லை. மற்றவர்கள் பிழைப்புக்குக் கடந்துபோக வேண்டிய வாசலை வைத்திருக்கும் ஒரு சிலருக்கு மட்டுமே தனி விதி தேவை. அளவுகோலை உயர்த்துங்கள், பட்டியலைச் சுருக்குங்கள். சட்டத்தையே கைவிட இது காரணமாகாது.

முன்விதி நமக்குப் பழகியதே

தவறு நடந்த பின் தண்டிப்பதைவிட, நடக்கும் முன் விதி வகுப்பது இந்தியாவுக்கு ஒத்துவருமா? ஒருமுறை செய்து காட்டியிருக்கிறோம். ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேஸிக்ஸ்' திட்டம் சில தளங்களை மட்டும் இலவசமாகத் தர முன்வந்தபோது, ஏழைகளுக்கு இன்டர்நெட் என்று பெரும் விளம்பரம் நடந்தது. டெல்லியில் டிராய் கருத்துக் கேட்டது. நாடெங்கும் இளைஞர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று டிராய் விதித்தது. வழக்கு, விசாரணை என்று ஆண்டுகள் போகவில்லை. வாசலைப் பூட்டும் முன்பே விதி வந்து நின்றது.

விதி தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பாக்கெட்டிலேயே சாட்சி இருக்கிறது. யு.பி.ஐ.யில் எந்த ஆப்புக்கும் 30 சதவீதத்துக்கு மேல் பங்கு கூடாது என்று தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் 2020 நவம்பரில் அறிவித்தது. கெடு தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் 31க்குப் போயிருக்கிறது. இதற்குள் ஃபோன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பிடித்துவிட்டன. இனி வரம்பை அமல்படுத்தினால் சிரமப்படுவது கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள்தான் என்பதே அடுத்த தள்ளிவைப்புக்கும் காரணமாகிவிடும்.

அரசின் கையையும் கவனிப்போம்

தனிச் சட்டம் கேட்கும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. வலைத்தளங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் டெல்லியில் எப்படிக் கையாளப்பட்டது என்பதற்கு வரலாறு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் கீழ் ஒரு பதிவுக்காகவும் ஒரு லைக்குக்காகவும் கைதுகள் நடந்தன. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே முடிவு செய்யும் உண்மை கண்டறியும் குழுவுக்கான விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

சந்தை அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவது ஒன்று, பேச்சைக் கட்டுப்படுத்துவது இன்னொன்று. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை எடுத்துக்கொள்ள இடம் தரக் கூடாது. போட்டிச் சட்டத்தின் 54வது பிரிவு எந்த நிறுவன வகைக்கும் விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இணங்கிப் போகிறவருக்கு விலக்கு, முரண்டு பிடிப்பவருக்கு நோட்டீஸ் என்று ஆகிவிட்டால், பெருநிறுவனங்கள் நேர்மையாகப் போட்டியிடக் கற்றுக்கொள்ளாது; ஆட்சியாளரோடு ஒத்துப்போகக் கற்றுக்கொள்ளும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் டெல்லியிலேயே சான்று உண்டு. கூகுள் மீது ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு பெரிய உத்தரவுகள் போட்ட 2022 அக்டோபரில்தான் போட்டி ஆணையத்தின் தலைவர் ஓய்வு பெற்றார். அடுத்த முழுநேரத் தலைவர் ரவ்னீத் கவுர் பொறுப்பேற்றது 2023 மே மாதத்தில். நடுவில் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள்கூட இல்லாமல் ஆணையம் தவித்தது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களை எதிர்த்து நிற்க வேண்டிய அமைப்புக்குத் தலைவரையே நேரத்துக்கு நியமிக்கவில்லை.

இனி கேட்க வேண்டியது

வரைவு வெளியான பிறகு பேச்சு மட்டும் தொடர்கிறது. 2025 ஆகஸ்டில் பர்த்ருஹரி மஹ்தாப் தலைமையிலான நிதி நிலைக்குழுவும் டிஜிட்டல் சந்தைக்கான சட்டத்தை வலியுறுத்தியது. ஆட்சிக் கூட்டணிக்காரர்கள் தலைமையில் இரண்டு நாடாளுமன்றக் குழுக்கள் ஒரே திசையைக் காட்டிவிட்டன. இனி ஆய்வுக்கு மேல் ஆய்வு என்று தள்ளுவது பெரியவர்களுக்கு மட்டுமே லாபம்.

மசோதா வர வேண்டும். வாசலை வைத்திருக்கும் சிலரை மட்டும் தொடும் மசோதாவாக வர வேண்டும். மேல்முறையீடு இத்தனை மாதத்தில் முடிய வேண்டும் என்று அதிலேயே காலக்கெடு எழுத வேண்டும். விலக்களிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தினால் காரணத்தை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஆணையத்தில் காலியிடம் விழும் முன்பே நியமனம் முடிந்திருக்க வேண்டும். வழக்கறிஞர்களோடு மென்பொருள் தெரிந்தவர்களும் அங்கே உட்கார வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். ஆப் நடத்தும் பொறியாளரும், உணவு டெலிவரி ஆப்பை நம்பி இருக்கும் ஓட்டல்காரரும், செல்போன் கடைக்காரரும் அவர்கள் ஒவ்வொருவரின் தொகுதியிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை எம்.பி. ஊருக்கு வரும்போது ரோடு, ரயிலோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: டிஜிட்டல் போட்டி மசோதா எப்போது வரும், அதில் நீங்கள் என்ன திருத்தம் கொடுக்கப்போகிறீர்கள்?